காளான் பிரியாணியும் தப்பான ஸ்பீடும்

1983. பிபிசி ரேடியோ 1-இல் பேசிக்கொண்டிருந்த ஒரு மனிதர், பேச்சோடு பேச்சாகத் தன் பசியையும் சொல்லிவிட்டார். இந்த நேரத்தில் ஒரு காளான் பிரியாணி கிடைத்தால் எப்படி இருக்கும் என்று ஏக்கம். கேட்டவர்கள் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். பில்லி பிராக் மட்டும் கடைக்கு ஓடினார். அப்போது அவர் பெயர் யாருக்கும் தெரியாது. எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு தனி ஆளாகப் பாடுகிறவர். முதல் இசைத்தட்டு வந்திருக்கிறது, அதை ஒலிபரப்பத்தான் ஆளில்லை. ஒரு கையில் பிரியாணிப் பொட்டலம், இன்னொரு கையில் தட்டு என்று நேராக பிபிசிக்குப் போய் இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்! (காளானில் செய்ததெல்லாம் பிரியாணியா என்று ஆம்பூர்க்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். லண்டனில் பசித்தவருக்கு அது பிரியாணிதான்.)

தட்டு காற்றில் ஏறியது. ஆனால் தப்பான ஸ்பீடில். பன்னிரண்டு அங்குலத் தட்டு என்றால் நிமிடத்துக்கு 33 சுற்று என்பதுதான் ஊர் வழக்கம். பிராக்கின் தட்டோ அதே அளவில் 45 சுற்றுக்கு வெட்டியது. போட்டவர் கவனிக்கவில்லை. பிற்பாடு சரியான வேகத்தில் மறுபடி போட்டார். பிரியாணி வராமல் இருந்திருந்தாலும் இந்தப் பாட்டைப் போட்டிருப்பேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியும் வைத்தார்.

அவர்தான் ஜான் பீல். இயற்பெயர் ஜான் ரேவன்ஸ்கிராஃப்ட். லிவர்பூலுக்குப் பக்கத்தில் ஹெஸ்வால் என்ற ஊரில் 1939-இல் பிறந்தார். ரேடியோ 1 தொடங்கிய 1967-இல் சேர்ந்து, 2004-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். முதல் அணியில் கடைசிவரை மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். அவர் தூக்கிவிட்ட பெயர்களை அடுக்கினால் பத்திரிகையின் பக்கம் போதாது. எனக்கு அந்தப் பெயர்களைவிட பின்கட்டைப் பார்க்கத்தான் ஆசை. யாரும் கேள்விப்படாத ஒரு பாட்டு, யாரோ ஒரு பையனின் படுக்கையறையிலிருந்து கிளம்பி நாட்டின் காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் எந்தெந்த அறை வழியாகப் போகிறது? வாருங்கள், கதவைத் தட்டாமலே நுழைவோம்.

முதல் நிறுத்தம், எக்டன் ஹவுஸ். பிபிசியின் தலைமைக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது, இப்போது இடித்துவிட்டார்கள். அதில் 318-ஆம் எண் அறை. பீலும் அவருடைய தயாரிப்பாளர் ஜான் வால்டர்ஸும் குடியிருந்த பொந்து. தட்டுகள், கேசட்டுகள், பிரிக்காத கவர்கள், பிரித்துப் போட்ட கவர்கள், நடுவில் எங்கேயோ நாற்காலி. எண்பதுகளில் ஆண்டி கெர்ஷா என்ற இன்னொரு அறிவிப்பாளரும் அதே பொந்துக்குள் வந்து சேர்ந்தார். ஆப்பிரிக்க இசைப் பித்தர் அவர். ஜிம்பாப்வேயிலிருந்து வந்த பூண்டு பாய்ஸ் குழுவின் மேல் இருவரும் சேர்ந்து பைத்தியமானார்கள். அதே நாட்டின் ஃபோர் பிரதர்ஸ் குழு, 1989-இல் பீலின் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்துக்கே வந்து வாசித்துவிட்டுப் போனது.

வால்டர்ஸைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. ஓவிய ஆசிரியராக இருந்தவர், ஆலன் பிரைஸ் குழுவில் டிரம்பெட் ஊதியவர், 1969-இல் பீலுக்குத் தயாரிப்பாளர் ஆனவர். மேலதிகாரிகள் பீலைக் கேள்வி கேட்க வரும்போதெல்லாம் குறுக்கே நின்றவரும் அவர்தான். தங்கள் உறவு ஒரு மனிதனுக்கும் அவன் நாய்க்கும் உள்ள உறவு என்பார் பீல். ஆனால் இருவருமே மற்றவரைத்தான் நாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம் என்பார். காது பீலுடையது என்றால் கால் வால்டர்ஸுடையது. இரவு இரவாக கச்சேரிகளுக்குப் போய்ப் பார்ப்பார். 1983 மே மாதம் லண்டனில் ஒரு மாணவர் மன்ற அரங்கில் மான்செஸ்டர் பையன்கள் நால்வர் வாசிப்பதைப் பார்த்துவிட்டு, உடனே பீல் நிகழ்ச்சிக்காக ஒரு பதிவுக்கு அழைத்தார். அந்த மாதம் முடிவதற்குள் பதிவும் ஆயிற்று, ஒலிபரப்பும் ஆயிற்று. நால்வரின் பெயர் தி ஸ்மித்ஸ். அப்போது அவர்களுக்கு ஒரு ஆல்பம்கூடக் கிடையாது.

கேசட்டுகளின் கதைக்கு வருவோம். எவனும் எதையும் அனுப்பலாம் என்று கதவைத் திறந்து வைத்திருந்தால் என்ன ஆகும்? மூட்டை மூட்டையாக வரும். வந்தது. பெரும்பாலானவை கேட்கச் சகிக்காது என்பதில் பீலுக்கே சந்தேகம் இல்லை. இருந்தாலும் கேட்டார். சஃபோக் மாவட்டத்தில் இருந்த வீட்டிலிருந்து லண்டனுக்குக் காரில் வரும் வழியெல்லாம் கேட்டார், திரும்பும் வழியிலும் கேட்டார். நூற்றிச் சொச்சம் கிலோமீட்டர், ஒரு வழிக்கு. எனக்கு அவருடைய ரசனையைவிட இதில்தான் பிரமிப்பு. நல்ல ரசனை உள்ளவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். நாற்பது மோசமான கேசட்டுக்குப் பிறகு நாற்பத்தியோராவதை அதே ஆவலோடு உள்ளே தள்ளுகிறவர் எத்தனை பேர்?

1981-இல் ஷெஃபீல்டுக்கு ஒரு நிகழ்ச்சி நடத்தப் போனார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் ஒரு ஒல்லிப் பையன் கையில் ஒரு டெமோ கேசட்டைத் திணித்தான். கேட்டார், அழைத்தார், அந்த வருடமே பதிவு. பையன் பெயர் ஜார்விஸ் காக்கர், குழுவின் பெயர் பல்ப். அப்புறம் நடந்ததைக் கேளுங்கள்: ஒன்றும் நடக்கவில்லை! அடுத்த பீல் பதிவுக்கு பல்ப் வந்தது 1993-இல். நடுவில் பன்னிரண்டு வருடம். அதற்கப்புறம்தான் இங்கிலாந்தே அவர்கள் பாட்டை முணுமுணுத்தது. பீல் கை வைத்தால் மறுநாள் புகழ் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வராமலும் போகும். அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இருந்ததில்லை.

கேட்டுப் பிடித்துப்போனால் உறைமேல் நட்சத்திரம் போடுவது அவர் பழக்கம். ஒன்றிலிருந்து ஐந்து வரை. 1978-இல் வட அயர்லாந்தின் டெர்ரி ஊரைச் சேர்ந்த அன்டர்டோன்ஸ் என்ற பொடியன்களின் முதல் தட்டு வந்தது. பெல்ஃபாஸ்டில் தட்டுக்கடை வைத்திருந்த டெர்ரி ஹூலி தன் சின்ன நிறுவனத்தில் வெளியிட்டது. பீல் அதற்குப் போட்ட நட்சத்திரம் இருபத்தெட்டு. ஐந்துக்கு இருபத்தெட்டு! நிகழ்ச்சியில் அந்தப் பாட்டைப் போட்டார், முடிந்ததும் உடனே மறுபடி அதையே போட்டார். வாழ்நாள் முழுக்கத் தனக்குப் பிடித்த பாட்டு அதுதான் என்றும் சொல்லித் திரிந்தார். சையர் தட்டு நிறுவனத்தின் சீமோர் ஸ்டைன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த சமயத்தில் அதைக் கேட்டுவிட்டு ஆளனுப்பி அவர்களை ஒப்பந்தம் செய்துகொண்டார்.

இப்போது அடுத்த இடம். எனக்கு மிகவும் பிடித்த இடம். மேற்கு லண்டனில் மைடா வேல். வெளியே பார்த்தால் நீளமான, தாழ்ந்த, வெள்ளைக் கட்டடம். 1909-இல் ரோலர் ஸ்கேட்டிங் அரங்கமாகக் கட்டியது. சக்கரச் செருப்பு மோகம் ஓய்ந்துபோய், முப்பதுகளில் பிபிசி கைக்கு வந்தது. உள்ளே ஒரு ஸ்டூடியோவில் பிபிசியின் சிம்பொனி வாத்தியக் குழு. இன்னொரு பக்கம் ரேடியோஃபோனிக் பட்டறை. 'டாக்டர் ஹூ' தொடரின் முகப்பு இசையை 1963-இல் டீலியா டார்பிஷயர் டேப்பை வெட்டி ஒட்டி உருவாக்கியது அங்கேதான். நான்காம் எண் ஸ்டூடியோ பீலின் ஆட்களுக்கு. 1977 அக்டோபரில் பிங் கிராஸ்பி தன் வாழ்வின் கடைசிப் பதிவைச் செய்ததும் இந்தக் கட்டடத்தில்தான். அதற்குச் சில வாரங்களுக்கு முன் பீலுக்காகப் பதிவு செய்தவர்கள் தி ஸ்லிட்ஸ். வாத்தியத்தை அப்போதுதான் கையில் எடுத்திருந்த பங்க் பெண்கள். ஒரே தாழ்வாரத்தில் பிங் கிராஸ்பியின் வெல்வெட் குரலும் ஸ்லிட்ஸின் கூச்சலும்! அந்தச் சுவர்களுக்கு வாய் இருந்தால் பேட்டி எடுத்திருப்பேன்.

ரேடியோவில் பாட்டுப் போட ஸ்டூடியோ எதற்கு, தட்டைச் சுழல விட்டால் போதாதா என்று தோன்றும். அங்கேதான் வேடிக்கை. தட்டுகளை நாள் முழுக்கச் சுழல விட அந்தக் காலத்தில் பிபிசிக்கு அனுமதி இல்லை. தட்டு நிறுவனங்களோடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, விற்பனைக்கு வந்த தட்டுகளை இத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒலிபரப்பக் கூடாது. சங்கத்தின் கவலை நியாயமானது. தட்டே எல்லாவற்றையும் பாடிவிட்டால் கலைஞனுக்கு வேலை ஏது? ஆக, மிச்ச நேரத்தை நிரப்பக் கலைஞர்களைக் கூப்பிட்டு, சம்பளம் கொடுத்து, சொந்த ஸ்டூடியோவில் பாட வைத்தாக வேண்டும். மற்ற நிகழ்ச்சிகள் இந்த நேரத்தை ஏதோ வாத்தியக் கோஷ்டியைக் கொண்டு ஒப்பேற்றின. பீலும் வால்டர்ஸும் அதே சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தட்டே வெளியிடாதவர்களை உள்ளே விட்டார்கள். சிக்கனச் சட்டம் ஒன்று புதுக்குழுக்களுக்கு வாசலைத் திறந்துவிடும் என்று ஒப்பந்தம் எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஒரு பீல் பதிவு எப்படி நடக்கும்? வேன் வந்து நிற்கும். பையன்கள் டிரம்ஸ் பெட்டிகளை இறக்குவார்கள். பொதுவாக நாலு பாட்டு. எல்லாம் ஒரே நாளில். வாசிப்பது, விட்டதைச் சேர்ப்பது, குரல், கலவை எல்லாம் ராத்திரிக்குள் முடிந்தாக வேண்டும். நாளைக்கு வந்து சரிசெய்கிறோம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிபிசியின் தயாரிப்பாளரும் பொறியாளரும். 1981-லிருந்து 1994 வரை பெரும்பாலும் அந்த நாற்காலியில் இருந்தவர் டேல் கிரிஃபின். எழுபதுகளில் மாட் தி ஹூப்பிள் குழுவில் டிரம்ஸ் வாசித்த நட்சத்திரம்! நேற்றுவரை கராஜில் தட்டிக்கொண்டிருந்த ஒரு பையனின் டிரம்ஸுக்கு மைக் சரிசெய்து கொடுப்பவர், அவன் அண்ணன் சுவரில் போஸ்டராகத் தொங்கியவராக இருக்கலாம். நினைத்தாலே சிலிர்க்கிறது. பீலைத் தேடினால் அங்கே கிடைக்க மாட்டார். பெரும்பாலும் பதிவுகளுக்கு வர மாட்டார். பதிவானதை ஒலிபரப்பும்போதுதான் நேயர்களோடு சேர்ந்து கேட்பார்.

அவசரத்தில் செய்ததால்தான் பல பதிவுகள் ஆல்பத்தைவிட நன்றாக இருக்கின்றன என்பது என் கட்சி. ஸ்மித்ஸின் பாட்டுகள் சில இந்த வானொலிப் பதிவுகளாகவே 1984-இல் ஒரு தொகுப்புத் தட்டில் வெளியாகின. முறையாகப் பலநாள் செதுக்கிய முதல் ஆல்பத்தைவிட அதைத்தான் விரும்புகிற ரசிகர்கள் ஏராளம். சூசி அண்ட் தி பான்ஷீஸ் 1977 நவம்பரில் மைடா வேலுக்கு வந்தபோது எந்த நிறுவனமும் அவர்களைச் சீந்தவில்லை. நிர்வாணா 1989-இல் வந்தது. உலகம் அவர்கள் பெயரைக் கேட்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. முப்பத்தேழு வருடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கலைஞர்கள், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். இதே பிபிசியின் தேர்வுக் குழுதான் 1965-இல் டேவிட் போயியைக் கேட்டுவிட்டு, இவரிடம் ஆளுமையே இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பியது என்பதையும் இங்கே ஓரமாகச் சொல்லிவைக்கிறேன்.

யாரும் சீந்தாதவர்களைப் போடும் துணிச்சல் பீலுக்கு எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து. அமெரிக்காவில் ஏழு வருடம் இருந்தவர் பீல். டல்லஸில் பருத்தி வியாபாரம், இன்ஷூரன்ஸ் என்று சுற்றினார். பீட்டில்ஸ் புயல் அடித்தபோது, லிவர்பூல் பக்கத்து ஆள் என்ற ஒரே தகுதியில் அங்கே ரேடியோ 'நிபுணர்' ஆனார். 1967-இல் ஊர் திரும்பி, எசெக்ஸ் கடலோரத்தில் கப்பலில் இயங்கிய திருட்டு வானொலியான ரேடியோ லண்டனில் சேர்ந்தார். நள்ளிரவுக்கு மேல் அவர் நேரம். அந்த நேரத்தில் கேட்பாரில்லை என்பதால், நிலையத்தின் பாட்டுப் பட்டியலையும் விளம்பரங்களையும் ஒதுக்கிவிட்டுத் தனக்குப் பிடித்ததையே போட ஆரம்பித்தார். அந்த ஆகஸ்டிலேயே சட்டம் வந்து கப்பலின் வாயை அடைத்தது. பழக்கம் மட்டும் போகவில்லை.

சரி, ஒலிபரப்பு அறைக்குள் எட்டிப் பார்ப்போம். பிராக்கின் தட்டு மட்டும்தான் தப்பான ஸ்பீடில் போனது என்று நினைத்தீர்களா? அது வாடிக்கை. பிரசித்திபெற்ற கூத்து 1973 டிசம்பரில் நடந்தது. ராபர்ட் ஃப்ரிப்பும் பிரையன் ஈனோவும் சேர்ந்து செய்த நீண்ட கிட்டார் ஆலாபனை டேப்பாக வந்திருந்தது. டேப் சுற்றியிருந்த திசையைக் கவனிக்காமல் அப்படியே மாட்டிவிட்டார்கள். தலைகீழாக, முடிவிலிருந்து தொடக்கத்துக்கு ஓடுகிறது இசை! கேட்டுக்கொண்டிருந்த ஈனோ அலறியடித்து பிபிசிக்குப் போன் செய்தார். பாட்டு தலைகீழாகப் போகிறது, நான்தான் அதை உருவாக்கியவன் என்றால், தொலைபேசியை எடுத்தவர்கள் நம்பினால்தானே? முழுதும் தலைகீழாகவே ஓடி முடிந்தது. 2008-இல் அந்த ஆல்பத்தை மறுபடி வெளியிட்டபோது தலைகீழ் வடிவத்தையும் சேர்த்தே வெளியிட்டுவிட்டார்கள்.

நீளம், குட்டை என்ற பேதமும் அவருக்குக் கிடையாது. அதே 1973-இல் மைக் ஓல்ட்ஃபீல்ட் என்ற இருபது வயதுப் பையனின் 'டியூபுலர் பெல்ஸ்' தட்டை இரண்டு பக்கமும் முழுசாகப் போட்டார். ஏறக்குறைய ஐம்பது நிமிடம். வர்ஜின் என்ற புத்தம்புது தட்டு நிறுவனத்தின் முதல் வெளியீடு அது.

இத்தனைக்கும் மனிதருக்கு மேடை ஏறும் ஆசை இல்லை என்று சொல்ல முடியாது. 1971-இல் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ராட் ஸ்டூவர்ட் 'மேகி மே' பாடியபோது, ஸ்டூலில் உட்கார்ந்து பவ்யமாக மாண்டலின் வாசித்தவர் யார் தெரியுமா? நம்ம பீல்தான். வாசிக்கத் தெரியாது, பாவனைதான். காட்சி கிடைத்தால் அவர் விரல்களை மட்டும் பாருங்கள்!

தவறுகளும் உண்டு. கண்டுபிடித்தவர்கள் பெரிய ஆளாகிவிட்டால் பீலின் ஆர்வம் குறைந்துவிடும். பாடகர் மார்க் போலன் பேர் தெரியாத நாட்களில் அவரைத் தோளில் சுமந்தவர் பீல். போலனின் டி. ரெக்ஸ் குழுவின் பாட்டுகள் நாடு முழுக்க முழங்க ஆரம்பித்ததும், எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நட்பு முறிந்தது. நியாயமா என்றால், போலன் இடத்தில் இருந்து பார்த்தால் இல்லை. 1969-இல் தன் வெள்ளெலியின் பெயரால் டேண்டலயன் என்று ஒரு தட்டு நிறுவனமும் தொடங்கினார். பிரிஜெட் செயின்ட் ஜான் போன்ற அருமையான பாடகிகளை வெளியிட்டது. விற்பனை என்று பார்த்தால் பரிதாபம். வியாபாரத்துக்கு அவர் லாயக்கில்லை என்று விட்டுவிடுவோம்.

இன்னொரு பக்கம், தி ஃபால் என்ற மான்செஸ்டர் குழுவை மட்டும் விடவே இல்லை. குழுவில் ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பார்கள், பாடகர் மார்க் இ. ஸ்மித் மட்டும் நிரந்தரம். அவர்களுக்கு மொத்தம் 24 பதிவுகள். வேறு எவருக்கும் இத்தனை கிடைத்ததில்லை. நான் இன்னும் அந்தக் குழுவோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடைசி நிறுத்தம் வீடு. ஸ்டோமார்க்கெட் பக்கத்தில் கிரேட் ஃபின்பரோ கிராமம், ஓலைக்கூரை வேய்ந்த பழைய வீடு, 'பீல் ஏக்கர்ஸ்' என்று செல்லப் பெயர். கடைசி வருடங்களில் பல நிகழ்ச்சிகள் இங்கிருந்தே ஒலிபரப்பாகின. குழுக்கள் வந்து வரவேற்பறையிலேயே வாசித்துவிட்டுப் போயின. வீடெங்கும் தட்டுகள்: சுமார் 26,000 எல்பி, 40,000 சிங்கிள், சிடிக்களும் அதே கணக்கில். எல்பிக்கு ஒரு அட்டை என்று தட்டச்சு செய்து, எண் போட்டு, பெட்டிகளில் அடுக்கியிருந்தார். 318-ஆம் அறையின் குப்பையைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். வரிசையில் முதல் எண் பெற்றவர் பீட்டில்ஸ் இல்லை, ஹென்ட்ரிக்ஸ் இல்லை, மைக் ஆப்சலம். யார் என்று என்னைக் கேட்காதீர்கள், தேடிக் கேளுங்கள். இது தவிர ஒரு மரப்பெட்டியில் நூற்று நாற்பதைத் தாண்டிய சிங்கிள்களைத் தனியாக வைத்திருந்தார். அதை வைத்தே 2005-இல் ஒரு ஆவணப்படம் எடுத்தார்கள்.

மைடா வேல் கட்டடத்தை பிபிசி 2023-இல் விற்றுவிட்டது. வாங்கியவர்களில் ஒருவர் ஹான்ஸ் ஜிம்மர். பதிவுகள் பலவும் தட்டாகவும் இணையத்திலும் கிடைக்கின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், நேபாம் டெத் குழுவின் 1987 பதிவைச் சொல்வேன். உலகிலேயே மிகக் குட்டையான பாட்டுக்காக கின்னஸில் ஏறியவர்கள். அந்தப் பாட்டு ஒரு நொடியும் கொஞ்சமும்தான். பீலுக்காகப் பதிவு செய்தபோதும் ஒரு டஜனை ஒட்டிய பாட்டுகளைச் சில நிமிடங்களில் கொட்டிவிட்டுப் போனார்கள். பிடித்தால் கொண்டாட்டம். பிடிக்கவில்லை என்று நீங்கள் வாயைத் திறப்பதற்குள் பாட்டு முடிந்திருக்கும்.